எழுதாத எடுகோள்

அண்ணைக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "பேரைச் சொன்ன உடனை சனம் பொருள் விளங்கிப்போச்சு எண்டு நினைச்சிடும் பிள்ளை. பேந்து ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கிறேல்லை" என்பார். ஆகவே எனக்கு அவர் அண்ணை. கரம்பொன் சனத்துக்குப் பௌதிக மாஸ்ரர். அவர் அந்தப் பக்கம் போனதும் 'எடுகோள் போகுது' என்பார்கள். பட்டம் வைக்கிறதில் எங்கள் ஊரவரை வெல்ல ஆளில்லை.

எடுகோள் என்றால் நிறுவாமல் ஏற்றுக்கொள்கிற கூற்று. ஒரு விஷயத்தைத் தொடங்கும் முன்னர், இன்னின்னதை நாங்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம் என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். அவற்றிலிருந்து படிப்படியாக நிறுவி வருவதெல்லாம் தேற்றம். இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் சீவியம் முழுவதையும் நடத்தினார் என்றால் நம்புவீர்களோ தெரியாது. நான் அதே வீட்டில் இருந்து அனுபவித்தவள்.

பஸ்சில் கொண்டக்டர், "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்றால், "என்னத்தை எடுத்துக்கொண்டு சொல்லுறீர்?" என்று கேட்பார். சந்தையில் மீன்காரி, "இப்பதான் பிடிச்சது ஐயா" என்றாலும் அதே கேள்விதான். அவள் மட்டும் அசையமாட்டாள். "என்ர மூஞ்சையை எடுத்துக்கொண்டு சொல்லுறன், வேணுமெண்டால் எடும், இல்லாட்டிப் போம்" என்பாள். அண்ணைக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும். ஊரில் எடுகோளைச் சொல்லிவிட்டு வியாபாரம் செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்று என்னிடம் வந்து சொல்லுவார். மீன் பழுதாகத்தான் இருக்கும்.

ஒருமுறை பக்கத்து வளவுக்காரர் இருவர் வேலிச் சண்டை பிடித்துக்கொண்டு மத்தியஸ்தத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். பாவங்கள், ஆளை மாறிக் கூப்பிட்டுவிட்டார்கள். இவர் போய் நின்று, "சண்டையைப் பேந்து பாப்பம். முதல் நீங்கள் ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுறதுகளைச் சொல்லுங்கோ" என்றார். பனை இந்த வளவுக்காரருடையது, ஓம். கிணறு பொது, ஓம். பழைய வேலிக் கதியால் நின்ற இடம் இது, ஓம். வெயில் உச்சிக்கு வந்து, மனைவிமார் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த பிறகும் ஓம் ஓம் என்றே போனது. கடைசியில் பார்த்தால் சண்டை பிடிக்க ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை. யார் முதலில் தூஷணத்தால் ஏசியது என்பது மட்டும் மிஞ்சியது. அதற்காக இருவரும் மாரி முடியும் வரை கதைக்கவில்லை.

கடைசிக் காலத்தில் நெஞ்சு வருத்தம் வந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இளம் டொக்டர் ஒருவர் வந்து, "பயப்பிட ஒண்டுமில்லை மாஸ்ரர்" என்றார். "என்னத்தை எடுத்துக்கொண்டு சொல்லுறியள்?" என்று இவர் கேட்டார். டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். அண்ணை நன்றி சொன்னார். நான் வெளியே ஓடிப்போய் மதிலோடு நின்று அழுதேன். எனக்குப் பொய் வேண்டியிருந்தது. அவருக்கு எப்போதும் பொய் தேவைப்படவில்லை.

இந்த எடுகோள் வருத்தம் அவருக்குத் தொற்றியது பௌதிகத்தைத் தமிழில் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில். அவர் படித்தது முழுவதும் இங்கிலீசில். தமிழில் சொல்ல வெளிக்கிட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது என்பார். வேகம் கூடிக்கொண்டு போவதற்கு ஆர்முடுகல் என்று புதுச்சொல் வந்திருந்தது. "விசை எண்டால் என்ன? ஆர்முடுகலைத் தாறது. ஆர்முடுகல் ஏன் வந்தது? விசையாலை. இது பௌதிகமோ, இல்லாட்டி நாய் தன்ர வாலைத் தானே கடிக்கிறதோ?" என்று சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கத்துவார். அம்மா, "நாயைப் பற்றிச் சாப்பிடேக்கை கதையாதை" என்பா.

கேத்திர கணிதம் புள்ளி, கோடு என்று தொடங்கிச் சுத்தமாக வருகிறதல்லவா? அதுபோல முதலில் இயக்கவியலையும் பிறகு வெப்பத்தையும் எடுகோளிலிருந்து கட்டவேண்டும், அதைத் தமிழில் செய்யவேண்டும் என்பது அவருடைய ஆசை. எதையெல்லாம் வரைவிலக்கணம் இல்லாமல் வைத்துக்கொள்ளப் போகிறோம், எதை நிறுவப் போகிறோம் என்று பிரித்துக்கொண்டே இருப்பார். அதற்குக் கரும்பலகை வேண்டும். என் கலியாணத்துக்கென்று செய்வித்து வைத்த அலுமாரியைச் சுவரிலிருந்து திருப்பி, அதன் முதுகுக்குக் கறுப்பு மை பூசிவிட்டார். அம்மா தலையில் கை வைத்தா. "பின்பக்கத்தை ஆரம்மா பாக்கப் போகினம்?" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குச் செவ்வாய்க் குற்றம். சாதகம் எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒருவரும் இரண்டாம் தரம் வாசலுக்கு வரவில்லை. அலுமாரி சும்மாதான் நின்றது.

அந்தப் பலகைக்கு முன்னால் அண்ணையோடு நின்று சண்டை பிடிக்கக்கூடிய ஒரே ஆள் திலகம் ரீச்சர். சரவணை ஊர்ப் பிள்ளை. அதே பள்ளிக்கூடத்தில் தூய கணிதம் படிப்பித்தவ. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவா. வெளியில் சொல்லுகிற காரணம் என்னிடம் சட்டை தைப்பிக்க. ஒரு மனிசிக்கு எத்தனை சட்டை தைக்கலாம்? அவ கொண்டுவந்த துணிகளில் பாதி என் மெசினுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தன. அவ ஒருநாளும் எங்கே சட்டை என்று கேட்டதில்லை.

விறாந்தையில் நான் மெசினோடு இருப்பேன். ஊர்வாய்க்கு நான்தான் காவல். அவர்கள் இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள்.

"முதலாம் விதி தேவையில்லை. விசை இல்லாட்டி ஆர்முடுகல் இல்லை எண்டது இரண்டாம் விதிக்குள்ளையே கிடக்குது. அழிக்கிறன்" என்பார் அண்ணை.

"அழியாதையுங்கோ! நீங்கள் எங்கை நிண்டு பாக்கிறியள் எண்டதைச் சொல்லுறதே அந்த விதிதான். ஓடுற பஸ்சுக்குள்ளை நிண்டு பாத்தால் பனையெல்லாம் ஓடும். எங்கை நிக்கிறம் எண்டு சொல்லாமல் எது ஓடுது எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

"அப்ப அதை விதி எண்டு சொல்லாதையும். நிக்கிற இடம் எண்டு சொல்லும்."

"சொல்லுறன். ஆனால் அழிக்க விடமாட்டன்."

இருவரும் இப்படிக் கத்துவார்கள். கத்தி முடித்துவிட்டு ஒரே தட்டில் பனங்காய்ப் பணியாரம் எடுத்துச் சாப்பிடுவார்கள். அண்ணையின் வேலைமுறை அதுதான்: ஒரு எடுகோளை அழித்துவிட்டு, மிச்சம் எல்லாம் நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பார். நின்றால் அந்த எடுகோள் வேண்டாத சுமை. அப்படி ஒன்று குறைந்த நாளில் குசினி வரைக்கும் ஓடிவந்து, "ஒண்டு குறைஞ்சுது பிள்ளை!" என்பார். மற்ற வீடுகளில் ஏதாவது கூடினால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வீட்டில் குறைந்தால்தான் பாயாசம்.

வெப்பத்துக்கு வந்தபோது ஒரு எடுகோளில் பல மாதம் நின்றார்கள். எனக்கு விளங்கியபடி சொல்லுகிறேன். ஒரு பொருளை வெளியில் இருந்து சூடு வராமல், உள்ளே இருக்கிற சூடு போகாமல் மூடிவிட்டால், அது இப்போது இருக்கிற நிலையிலிருந்து சில நிலைகளுக்குப் போகவே ஏலாது. எவ்வளவு கிட்ட இருந்தாலும் ஏலாது. கிண்டிக் கிண்டி அதைச் சூடாக்கலாம், கிண்டிக் குளிரப் பண்ண ஏலாது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நான் ஒடியல் கூழை ஆறட்டும் எண்டெல்லோ கிண்டிறனான்! உன்ரை பௌதிகம் வேறை ஊர்ப் பௌதிகமோ?" என்றா. "மூடிப்போட்டுக் கிண்டிப் பாருங்கோ அம்மா" என்றார் இவர். "மூடிப்போட்டு எப்பிடியடா கிண்டிறது?" என்று அம்மா அகப்பையோடு வந்தா. திலகம் ரீச்சர் சிரித்துச் சிரித்து என் மெசினில் சாய்ந்துவிட்டா.

சிரிப்பு அடங்கியபின் அவ பலகையைப் பார்த்தபடி கேட்டா. "பக்கத்திலை இருக்கிறதுக்குக் கூடப் போக ஏலாதோ?"

"ஏலாது."

"நிறுவினதோ?"

"இல்லை. எடுத்துக்கொண்டது."

"அப்ப மாத்தி எடுங்கோவன்."

"மாத்தினால் உலகம் வேறையாப் போயிடும்" என்றார் அண்ணை, வெகு கவனமாக. அட, கடவுளே! கொக்குவிலிலிருந்து காரைநகர் வரைக்கும் அந்த நேரம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த எவனுக்கும் விளங்கியிருக்கும். இவர் சோக்குக் கட்டியைத் தேடிக்கொண்டு நின்றார்.

அவருக்கு விருப்பம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை என்றால் விடியவே முகம் வழித்துவிடுவார். பஸ் சத்தம் கேட்டால் வாசிக்கிற வரியை விட்டுவிடுவார். அவ வராத கிழமைகளில் பலகை அழிபடாமல் கிடக்கும். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மீன்காரிக்கும் தெரியும். ஆனால் தங்கச்சி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது தமையன் கட்டுவதோ? எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. சாதகம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது, நானும் தலைமயிர் நரைக்கிற வயதுக்கு வந்துகொண்டிருந்தேன்.

எனக்குக் கலியாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து என்னை நடந்து காட்டச் சொன்ன அன்றே சொன்னேன். "வாயை மூடடி" என்பதோடு அந்தக் கதை முடிந்தது. குமர்ப்பிள்ளையின் பேச்சை யார் கணக்கில் எடுத்தார்கள்?

அம்மா காலமாகி, ஆண்டுத்திவசமும் வந்தது. பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம். திலகம் ரீச்சர் காலையிலேயே வந்து என்னோடு குந்தியிருந்து வாழைக்காய் சீவினா. பிராமணரும் சனமும் போய் முடிந்த பிறகு, சட்டிகளைக் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொன்னா. "வீட்டிலை எனக்குக் கலியாணம் பேசுகினம். நைஜீரியாவிலை படிப்பிக்கப் போற ஆளாம். எங்கடை ஐயாவுக்கு நான் இந்தக் கிழமைக்குள்ளை முடிவு சொல்ல வேணுமாம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? இவ்வளவு காலமும் என்ன சொன்னனான், இப்ப சொல்ல?"

அவவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த வேகத்தில் நான் நேரே அண்ணைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். தங்கச்சி கட்டின பிறகுதான் தமையன் கட்டவேணும் எண்டது எடுகோளோ, தேற்றமோ?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"தேற்றமெண்டால் நிறுவுங்கோ. எடுகோளெண்டால் எங்கை எழுதி வைச்சிருக்கிறியள்? காட்டுங்கோ!"

"அது… எல்லாருக்கும் தெரிஞ்சது தானே" என்றார். வகுப்பில் ஒரு பெடியன் இந்த வார்த்தையைச் சொன்னால் அன்று முழுக்க அவன் இருக்கிற வாங்கின் மேல் ஏற்றி நிறுத்துவார். அது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, அவர் காதிலும் விழுந்தது. சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார்.

"நான் அதை எழுதேல்லைப் பிள்ளை."

"ஓம், எழுதேல்லை. பூமி ஏன் சுத்துது எண்டு கேட்டியள், சுடுதண்ணி ஏன் ஆறுது எண்டு கேட்டியள். உனக்குக் கலியாணம் வேணுமோ எண்டு என்னை ஒருக்கால் கேட்டியளோ? எனக்கு வேண்டாம். எனக்கு இந்த மெசின் போதும். அழியுங்கோ அதை. அழிச்சுப்போட்டுப் பாருங்கோ, வீடு விழுகுதோ நிக்குதோ எண்டு."

அவர் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி, கிணற்றடியில் முகம் கழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்தார். சரவணைப் பக்கம் திரும்புவதைப் படலையில் நின்று பார்த்தேன். அந்த ஒரு பின்னேரம் எனக்கிருந்த சந்தோஷம் பிறகு ஒருநாளும் வரவில்லை. சீனி வரிசையில் வாங்கி வைத்த கொஞ்சச் சீனியையும் கொட்டிப் பாயாசம் வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஒண்டு கேட்டவ. இவ்வளவு காலமும் வராமல் ஏன் இண்டைக்கு வந்தனீங்கள் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உள்ளதைச் சொன்னன். தங்கச்சி தனக்குக் கலியாணம் வேண்டாம் எண்டிட்டாள், அதாலை தடை இல்லை, ஆகவே வந்தனான் எண்டனான்."

"ஆகவே! விருப்பம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையோ?"

"அதை அவ கேக்கேல்லையே."

நான் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அடுத்தநாள் முதல் பஸ்சிலேயே சரவணைக்குப் போனேன். திலகம் குசினியில் மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றா. புகையில் கண் சிவந்திருந்ததோ, அழுது சிவந்திருந்ததோ தெரியாது. நான் கத்தினேன், கெஞ்சினேன், அவர் ஒரு விசரன், சொல்லத் தெரியாது, அதற்காக இப்படிச் செய்யாதையும் என்றேன். அவ அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னா.

"அவரிலை கோவமில்லை அக்கா. என்னை அவர் ஒருக்காலாவது நிறுவாமல் எடுப்பார் எண்டு இருந்தனான். எல்லாத்துக்கும் முதல் வரியிலை, கேள்வி இல்லாமல். நேற்று வந்து, அது அப்பிடி, ஆகவே இது இப்பிடி எண்டார். கடைசி வரியா வந்து நிக்க எனக்கு ஏலாது. ராத்திரி ஐயாட்டை ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

வீட்டுக்கு வந்து ஒரு சொல்லும் மாற்றாமல் அண்ணையிடம் சொன்னேன். ஒளித்து என்ன பயன்? திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த நிறுவலைக் கேட்டாலும் எங்கேயாவது ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன். ஓர் இடைவெளி சொன்னால் போதும், மறுபடி பஸ் ஏற நான் தயார்.

"அவ சொன்னதிலை பிழை இல்லைப் பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் பல வருடம் இருந்தார். படிப்பித்தார், சந்தைக்குப் போனார், கொண்டக்டரோடு கொளுவினார். வெப்பத்தை மட்டும் முடிக்கவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இல்லை எண்டு சொல்ல எதிரிலை ஒரு ஆள் நிக்க வேணும். தனிய நிண்டு எழுதினால் எல்லாம் சரி மாதிரித்தான் தெரியும்" என்றார். அந்தப் பலகைக்கு முன்னால் நானும் போய் நின்று பார்த்தேன். எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. சட்டை தைக்கிறவளுக்கு ஆர்முடுகலைப் பற்றி என்ன தெரியும்? அன்றைக்குப் போல் என் படிப்பின்மையை நான் என்றும் வெறுத்ததில்லை.

திலகத்தின் கலியாணம் அந்த வருடமே சரவணையில் நடந்தது. போக வேண்டாம் என்று அண்ணையின் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "கூப்பிட்டவை. போகாமல் விட ஒரு காரணமும் இல்லை" என்று வெளிக்கிட்டார். தாலி கட்டும்போது எல்லோரையும் போலப் பூ எறிந்தார். திலகம் நிமிரவே இல்லை.

பந்தியில் ஆண்களின் வரிசையில் அவர் இருந்தார். மண்டைதீவிலிருந்து வந்த, மாப்பிள்ளையின் பெரியதகப்பனார் பரிமாறிக்கொண்டு வந்து, ஆள் தெரியாமல் அண்ணைக்கு முன்னால் நின்றார். நல்ல மனிதர், உபசாரமாகத்தான் கேட்டார். "தம்பி, நீர் பொம்பிளைக்கு என்ன முறை?"

நான் பெண்களின் பக்கத்தில், தூணோடு நின்றேன். ஏதாவது சொல்லுங்கோ அண்ணை, தூரத்துச் சொந்தம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கோ என்று மனதுக்குள் குளறினேன்.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"முறை ஒண்டுமில்லை ஐயா" என்றார். "ஒரே பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனாங்கள்."

"அப்பிடியே? சந்தோஷம், வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அண்ணை குனிந்து, கண்ணால் ஓடிய தண்ணீரைத் துடைக்கவும் இல்லாமல், ஊற்றியது முழுவதையும் சாப்பிட்டார்.